நவம்பர் வரிசை
மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் மாதம் நவம்பர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவுக்கு அது தீபாவளியைவிடப் பெரிது. இஸ்திரி போட்ட சட்டை, மஞ்சள் பையில் பாஸ்புக், ஒன்பது மணிக்கே வங்கி வாசல். டோக்கன் தாமதமாகட்டும் என்றே வேண்டிக்கொள்வார். ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த ஏழெட்டுப் பேர் கூடுவது அன்றைக்குத்தான். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் போய்ச் சேர்ந்தார் என்ற கணக்கெல்லாம் முடிந்து, எதிர்க்கடையில் சர்க்கரையில்லாத காபி. அதற்கு ஈடுகட்ட ஆளுக்கு இரண்டு போண்டா. 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது. 2021-இலிருந்து கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது வரம். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடமாடுகிறவர்களுக்கு? போன வருடம் மாமாவின் வேலையைப் பேரன் சோபாவிலேயே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டான். நட்பென்றதும் பிசிராந்தையாரை இழுத்து வருவோம், பாராமலே பழகினார் என்று. அவருக்குச் சரி. 78 வயதில் நட்புக்கு ஒரு சாக்கும், உட்கார ஒரு பெஞ்சும் வேண்டியிருக்கிறது. இந்த நவம்பரில் மாமா முகம் காட்ட மறுக்கிறார். "கண்ணாடி போட்டா போன்ல மூஞ்சி புடிபடலைடா" என்று பேரனிடம் சொல்கிறார். சட்டை இஸ்திரிக்குப் போயிருக்கிறது.