பிராது கொடுத்த பிறகு

விருதுநகர் மாவட்டத்தின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் விருதுநகரில் இருக்க, மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதற்கும் மேலே முறையிட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். சுந்தரபாண்டியத்தில் வரப்புத் தகராறில் அடிபட்ட விவசாயிக்கோ, ராஜபாளையத்து மில்லில் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் மானபங்கத்துக்கு உள்ளான பெண்ணுக்கோ இந்தப் பூகோளம் மனப்பாடமாவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. ஆயினும் அவர்கள் கடக்கவேண்டிய தூரங்களிலெல்லாம் கடினமானது, காவல் நிலையத்து வாசற்படியிலிருந்து உள்ளே ரைட்டரின் மேஜை வரையிலுள்ள தூரந்தான் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் அந்தத் தூரத்தை எப்போதோ குறைத்துவிட்டது. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீரவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பிராது கொடுக்கலாம். அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கொடுக்கவேண்டும். நிலைய அதிகாரி பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அவரும் வாளாவிருந்தால் மாஜிஸ்திரேட்டை நாடலாம். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு பதினான்கு நாள் பூர்வாங்க விசாரணை செய்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாக என்னென்ன வெளியேறும் என்பதை நம் ஏட்டையாக்களை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில், வெறுங்கையால் அடித்தது சாதாரணக் காயம். அதற்கு ஓராண்டு வரை தண்டனை உண்டெனினும் போலீசார் தாமாகப் புலனாய்வு செய்யும் குற்றமன்று. ஆகவே மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்னும் மனு ஏற்பு ரசீது ஒன்றைக் கொடுத்து, "இரண்டு பேரும் சாயங்காலம் வாங்க, பேசி முடிச்சிக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ரசீது கையிலிருப்பதே வழக்குப் பதிவானதற்கு அடையாளம் என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்போர் பலர். அதே அடி கம்பினாலோ அரிவாளின் பின்புறத்தாலோ விழுந்திருந்தால் கதை வேறு. ஆயுதத்தால் விளைந்த காயம் மூன்றாண்டு வரை தண்டனைக்குரியது, போலீசார் பதிந்தே ஆகவேண்டியது. எலும்பு முறிந்தாலும், பல் போனாலும், பதினைந்து நாள் கடும் வேதனையில் படுத்தாலும் அது கொடுங்காயமாகித் தண்டனை ஏழாண்டு வரை நீள்கிறது.

இந்த வித்தியாசத்தை நிர்ணயிப்பது யார்? பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியிலிருக்கும் டாக்டர். அவர் விபத்துப் பதிவேட்டில், எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எந்த இடத்தில், எதைக்கொண்டு அடித்தார்கள் என்று காயம்பட்டவர் சொன்னபடி நாலு வரி எழுதுகிறார். வலியிலும் பயத்திலும் இருப்பவர் "ரெண்டு மூணு பேர்" என்று சொல்லிவைக்க, மறுநாள் பிராதில் உறவினர்களின் யோசனைப்படி ஐந்து பேர் ஏறிவிட, மூன்று வருஷத்துக்குப் பிறகு எதிரித் தரப்பு வக்கீல் அந்த நாலு வரியை உயர்த்திப் பிடித்துக் கேட்கும் கேள்வியில் வழக்கே ஆட்டம் கண்டுவிடுவது நம் கோர்ட்டுகளில் தினசரிக் காட்சி. ஆகையினால் அடிபட்டவர் முதலில் போகவேண்டியது ஆஸ்பத்திரிக்கே. அங்கே சொல்லவேண்டியது நடந்தது மட்டுமே, கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்டவர் கொடுத்த பிராதின்மேல் வழக்குப் பதிந்த கையோடு, அடித்தவரிடமும் ஒரு பிராதை வாங்கி எதிர்வழக்கு ஒன்றையும் பதிந்துவிடுவது. இரு தரப்பின் தலைமேலும் ஒவ்வொரு கத்தி தொங்குமானால் இரு தரப்பும் ராஜிக்கு இறங்கிவரும் என்பது இதன் தத்துவம். வழக்கும் எதிர்வழக்கும் இருக்கும்போது ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, யார் ஆக்கிரமித்தவர் என்று கண்டு, உண்மையான தரப்பின் வழக்கை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நமது போலீஸ் நிலையாணை 588-அ சொல்லும் முறை. அதைப் படித்திருக்கும் அதிகாரிகள் உண்டு. அனுசரிப்பவர்கள் அதைவிடச் சொற்பம்.

பெண்களின் விஷயத்தில் இந்த ராஜி மோகம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, 2015 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது சாட்சி. மைனர் பெண்ணைப் பலாத்காரம் செய்து தண்டனை பெற்ற ஒருவரை, பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீனில் விட்டு உத்தரவாயிற்று. பலாத்கார வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டித்த பின், ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உயர் பீடத்திலேயே இவ்விதமானால், கிராமத்துச் சாவடியில் பெரியவர்கள் கூடி "பொண்ணு வாழ்க்கை கெட்டுப்போகும்" என்று சொல்லும்போது, நிலைய அதிகாரி அதற்குத் தலையாட்டுவதில் ஆச்சரியமென்ன?

பிராது கொடுக்கும் பெண்ணின் சமூக நிலை உயர்ந்திருந்தால் இந்தக் கஷ்டம் இராது என்று நினைப்போரும் உண்டு. அவர்கள் ராஜேஷ் தாஸ் வழக்கை நினைத்துப் பார்க்கவேண்டும். 2021 பிப்ரவரியில், சிறப்பு டி.ஜி.பி. பதவியிலிருந்த அவர்மீது பாலியல் தொந்தரவுப் புகார் சொல்ல வந்தவர் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய காரைச் செங்கல்பட்டு அருகே டோல்கேட்டில் வழிமறித்தார்கள், போலீசாரே! 2023 ஜூன் 16-ஆம் தேதி விழுப்புரம் நீதிமன்றம் தாஸுக்கு மூன்றாண்டு சிறையும், வழிமறித்த கண்காணிப்பாளருக்கு ஐந்நூறு ரூபாய் அபராதமும் விதித்தது. சீருடையும் பதவியும் உள்ள ஒரு பெண்ணின் பிராது டோல்கேட்டில் நின்றுபோக நேர்ந்ததென்றால், பஞ்சு மில்லில் தினக்கூலி வாங்கும் பெண்ணின் பிராது எங்கே நிற்கும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

பெயர் வெளியாகிவிடுமோ என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று. 2019-இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை விவகாரம் வெடித்தபோது பாதிக்கப்பட்ட மாணவியின் பெயரை வெளியிட்டவர்களில் மாவட்டக் கண்காணிப்பாளரும் ஒருவர். அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. இருபத்தைந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்தாண்டு கழிந்து 2024 டிசம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்து ஊரெல்லாம் உலாவ, உயர் நீதிமன்றம் விதித்த இடைக்கால நஷ்டஈடும் அதே இருபத்தைந்து லட்சம். ஒரே குற்றத்துக்காக ஒரே தொகையை இரண்டு தடவை கொடுக்கும்படி நேர்ந்த ஓர் அரசாங்கம் அதிலிருந்து எதைக் கற்றது என்று தெரியவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றி நான் நிலையத்தைப் பற்றிச் சொன்ன அளவு கசப்போடு பேசமாட்டேன். பலாத்கார வழக்கில் இரண்டு மாதத்தில் புலனாய்வு, குற்றப்பத்திரிகைக்குப் பின் இரண்டு மாதத்தில் விசாரணை என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கு அரையாண்டுக்குள் தண்டனையில் முடிந்தது; ராஜ்யமே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. மற்ற வழக்குகளின் கதி வேறு. அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த பேராசிரியை கைதானது 2018 ஏப்ரலில். ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2024 ஏப்ரலில். பொள்ளாச்சிக்கு ஆறாண்டு. வாச்சாத்தியில் 1992 ஜூனில் பதினெட்டுப் பெண்கள் பட்ட கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-இல்; உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயினர்.

எனினும் பொள்ளாச்சி வழக்கில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிராது கொடுத்த மாணவியின் சகோதரரையே தாக்கிய கூட்டத்துக்கு எதிரான வழக்கு அது. ஆறு வருஷம் இழுத்தும் நாற்பத்தெட்டுச் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாகவில்லை என்று அரசுத் தரப்பு வக்கீல் சொன்னார். பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தைக் கோர்ட்டு காத்ததும், அவர்களுடைய வாக்குமூலம் மூடிய அறைக்குள் பதிவானதும் இதற்குக் காரணங்கள். 2025 மே 13-இல் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. சாட்சிகள் பயந்தாங்கொள்ளிகள் என்று போலீசார் அடிக்கடி சொல்லும் சாக்கு, பாதுகாப்பு இருக்குமிடத்தில் பொருந்துவதில்லை.

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அடிபட்டவருடைய வழக்கை நடத்துபவர் அரசு வக்கீல். அடிபட்டவரோ அதில் வெறும் சாட்சி, சம்மன் வந்த அன்று வந்து சொல்லிவிட்டுப் போகவேண்டியவர் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. எதிரிக்கு ஜாமீன் கிடைத்த செய்தியை, அவன் தெருவில் எதிரே வரும்போதுதான் அவர் அறிகிறார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-அ பிரிவு இந்த அநீதியைத் திருத்தியது: ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு, பேச வாய்ப்பு, வந்துபோகும் செலவு. இப்போதைய சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு, எந்த வழக்கானாலும் தொண்ணூறு நாளுக்குள் புலனாய்வின் நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. செல்போனிலேகூடத் தெரிவிக்கலாமாம், இதைவிடச் சுலபமான கடமையைச் சட்டம் எந்த உத்தியோகஸ்தருக்கும் விதித்ததில்லை.

விருதுநகர் மாவட்டக் கண்காணிப்பாளர் மாதந்தோறும் நிலையங்களைத் தணிக்கை செய்யும்போது, களவுச் சொத்து மீட்ட கணக்கோடு, தொண்ணூறு நாள் தகவல் எத்தனை பேருக்குப் போயிற்று என்ற கணக்கையும் கேட்கட்டும். தகவல் வராதவர், எழுத்தில் கேட்டு, அந்த மனுவின் நகலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்க அந்த அலுவலகம் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது.