மருத்துவர் பேசாவிட்டால் வேறு யாரோ பேசுவார்கள்

எச்.ஐ.வி.யை முற்றாகக் குணப்படுத்த வழிதேடும் ஆய்வுகளைப் பற்றி நோயாளியிடம் மருத்துவர் பேசத் தேவையில்லை, மருந்து எழுதித் தருவதோடு அவர் கடமை முடிந்தது என்று ஒரு கருத்து நிலவுகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனாலும் அது தவறு.

வீண் நம்பிக்கை ஊட்டிவிடுவோம் என்பது முதல் காரணம். ஆனால் நம்பிக்கை ஏற்கனவே நோயாளியின் கைப்பேசிக்கு வந்துவிட்டது. பெர்லினில் ஒருவர் குணமானார் என்று படித்துவிட்டுத்தான் அவர் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மைய வரிசையில் நிற்கிறார். அந்தச் செய்தியின் மறுபாதியை யார் சொல்வது? பெர்லினில் குணமான அந்தத் திமோதி ரே பிரவுனுக்கு 2007இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது ரத்தப் புற்றுநோய்க்காக. கிருமி உடல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற வாசல் பிறவியிலேயே அடைபட்ட ஒருவரை மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் தேடிப் பிடித்துக் கொடையாளராக்கினார். உயிரையே பறிக்கக்கூடிய அந்தச் சிகிச்சை பிரவுனுக்கு இரண்டு முறை செய்யப்பட்டது. 2020இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், எச்.ஐ.வி. கடைசிவரை திரும்பவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைக்கோ, பிறந்த சுமார் 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். பிறகு மருந்து நின்றும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிருமி தென்படவில்லை. குணமாகிவிட்டது என்று உலகமே எழுதியது. 2014இல் கிருமி திரும்பிவிட்டது.

இரண்டையும் சேர்த்துச் சொல்கிற மருத்துவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. அவர் வாய் மூடினால், ‘ஒரு மண்டலத்தில் கிருமியை அழிக்கிறேன், அந்த மாத்திரையை விடு’ என்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.

இருக்கும் மருந்தே போதும் என்பது அடுத்தது. பெருமளவு உண்மைதான். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. ஆனால் செல்களுக்குள் உறங்கும் கிருமியை மருந்து தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தலைதூக்கும். மாத்திரைப் புட்டியை மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் பெண்ணுக்கு இது போதும் என்று முடிவுகட்ட நாம் யார்?

நோயாளிகளைச் சோதனை எலிகளாக்குவதா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், பலன் கிடைத்ததா என்றறிய ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்திப் பார்க்கும் கட்டம் உண்டு. அதில் ஆபத்தும் உண்டு. விட்டுவிட்டு மருந்து தரலாமா என்று 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வு 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்தை நிறுத்தியவர்களிடையே நோயோ மரணமோ நேர்ந்தது இரு மடங்குக்கு மேல். மருந்தை நிறுத்தியிருக்கும்போது துணைக்குத் தொற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவேதான் சிகிச்சை தரும் மருத்துவர் ஒதுங்கக் கூடாது என்கிறேன். நோயாளியின் சிடி4 என்ற நோயெதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை ஒருகாலத்தில் எவ்வளவு விழுந்தது, காசநோய் வந்ததா, மனைவிக்கு விஷயம் தெரியுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆய்வாளர் கேட்க மறப்பதை நோயாளிக்காக அவர் கேட்கலாம். ஆள் அனுப்புவதற்குப் பணம் பெறக் கூடாது. அவரே ஆய்விலும் இருந்தால் ஒப்புதலை வேறொருவர் பெற வேண்டும். ஆய்வுக்கு விவரமறிந்த ஒப்புதல் கட்டாயம் என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

நோயாளிகளுக்கு இதெல்லாம் புரியாது என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். கலிபோர்னியாவின் சான் டியேகோவில், மரணத்தை நெருங்கிவிட்ட எச்.ஐ.வி. தொற்றாளர்கள், தங்களுக்கு எந்தப் பலனுமில்லை என்று தெரிந்தே, இறந்தபின் தம் உடலை ஆய்வுக்குத் தருகிறார்கள். கிருமி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது.

நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. இங்கே பெரிதும் பரவியிருப்பது சி வகைக் கிருமி. மேலை நாட்டு ஆய்வுகளில் பெரும்பகுதி பி வகையைப் பற்றியது, ஆண்களிடம் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சி வகைத் தொற்றுள்ள 20 பெண்களிடம் நடந்த இத்தகைய ஆய்வு ஒன்றின் முடிவு 2025இல் வெளியானது. அவர்களில் நான்கு பேர் ஆய்வுக் காலம் கடந்தும் மருந்தின்றி இருந்தார்கள். அந்தப் பெண்களோடு முன்பே தொடர்பில் இருந்து, தொற்றியவுடன் கண்டறிந்து மருந்து தொடங்கிய மருத்துவக் குழு இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

நேரமில்லை என்பது மட்டும் நியாயமான தடை. காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மருத்துவர் ஒருவரே என்ன செய்வார்? மையத்தின் ஆலோசகர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர் சேரக்கூடிய ஆய்வு இப்போது இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். யார் எதைச் சொன்னாலும் என்னைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.