ஐந்தாண்டுக் கணக்கும் குருவிகுளத்துப் பெண்களும்

புற்றுநோயை வெல்வதில் முன்னிற்கும் நாடு எது என்ற வினா எழும்போதெல்லாம் ஒரு கணக்கு நம்முன் நீட்டப்படுகிறது. நோய் கண்டறியப்பட்ட நாள்தொட்டு ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்ந்திருப்போர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அது. 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ‘கன்கார்டு’ ஆய்வு 71 நாடுகளை இவ்வாறு ஒப்பிட்டது. மார்பகப் புற்றுநோயில் அமெரிக்கா 90.2 விழுக்காடு, ஆஸ்திரேலியா 89.5; இந்தியா 66.1. நம் நாட்டு எண்ணோ சில வட்டாரப் பதிவேடுகளினின்று பெறப்பட்டது; நாடு முழுமைக்கும் உரியதன்று.

இவ்வெண்களைக் கண்டு நாணுவதா, ஐயுறுவதா? இரண்டிற்கும் இடமுண்டு என்பதே நம் கருத்து.

2007-இல் நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் ருடால்ப் ஜூலியானி, புராஸ்டேட் புற்றுநோயில் பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 விழுக்காடு, அரசே மருத்துவம் நடத்தும் இங்கிலாந்தில் 44 மட்டுமே எனத் தேர்தல் களத்தில் முழங்கினார். இரண்டாவது எண்ணே பிழையானது எனத் துறையறிந்தோர் மறுத்தனர். அதனினும் பெரிய செய்தி, அந்நோயால் இறப்போர் விகிதம் அந்நாளில் இருநாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பதாகும்.

இது எங்ஙனம் இயலும்? குருவிகுளத்தில் இரு சகோதரர்கள் உளரெனக் கொள்வோம். இருவர்க்கும் அறுபதாம் வயதில் ஒரே நோய். இருவரும் எழுபதில் இறக்கின்றனர். மூத்தவர்க்கு இரத்தச் சோதனையால் அறுபதிலேயே நோய் தெரிந்தது, இளையவர்க்கு அறுபத்தேழில். ஐந்தாண்டுக் கணக்கில் மூத்தவர் பிழைத்தவர், இளையவர் பிழையாதவர். ஆயினும் ஒருநாளேனும் கூடுதலாக வாழ்ந்தவர் எவருமிலர்! தென்கொரியாவில் தைராய்டுச் சோதனை பெருகியபின், 2011-இல் அப்புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு கண்டறியப்பட்டது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தீங்கு செய்யாத கட்டிகளையும் கணக்கிற் சேர்த்தால் பிழைத்தோர் விழுக்காடு தானே உயரும்.

இதனை அறிந்த சிலர், முன்கூட்டிக் கண்டறிதலே வீண் என்று கூறத் தலைப்படுவர். அது பெரும் பிழை. அதனை மறுக்கும் சான்று அயல்நாட்டிலில்லை; நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உளது. அங்கு அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு முதல் 30 வயதிலிருந்து 59 வயது வரையுள்ள பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு நடைபெற்றது. விலையுயர்ந்த கருவிகள் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெறுங்கண்ணால் நோக்கினர். தேவைப்பட்டோர்க்கு உறைகுளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். அவ்வாய்வு ஐந்தாண்டுக் கணக்கை நம்பியிருக்கவில்லை. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களிலும் அழைக்கப்படாத ஊர்களிலும் நிகழ்ந்த இறப்பையே எண்ணி ஒப்பிட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இங்கே கடிகாரம் முன்தள்ளப்படவில்லை, உயிர்களே காக்கப்பட்டன.

அச்சோதனைக்கு உரிய 49,311 பெண்களுள் வந்தவர் 31,343 பேர். ஏனையோர் ஏன் வரவில்லை என்பதை நம்மூர்ப் பெண்களைக் கேட்டாலே விளங்கும். வயிற்றுவலி என்பர், மார்பிற் கட்டி என்று சொல்ல நா எழாது. ஆண் மருத்துவர்முன் அமர நாணம். ஒருநாட் கூலி போகுமே என்ற கவலை. குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவில் சென்று, மீண்டும் திருநெல்வேலிக்குப் பேருந்தேற வேண்டிய அலைச்சலோ தனி. நாணம் எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் ஒன்றே. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் மருத்துவமனைச் செலவைத் தாங்குகிறது. அவ்வாயிலை அடையும் துணிவை எந்தக் காப்பீடும் தாராது. இங்கிலாந்தின் முறை சிறந்ததா, அமெரிக்காவினது சிறந்ததா என நாம் வழக்காடிக் கொண்டிருக்கையில், கரிசற்காட்டுப் பருத்தி வயலில் ஒருத்தி தன் கட்டியை முந்தானையால் மறைத்து நிற்கிறாள்.

ஆதலின் சமுதாயப் பெரியோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெண் செவிலியரே சோதிக்கும் நாளொன்றைக் கேட்டுப் பெற்று, அந்நாளைத் திருமண அறிவிப்புப்போல் ஊரறியச் சொல்லுங்கள். உங்கள் இல்லத்துப் பெண்களை முதலில் அனுப்புங்கள். அயலாரும் அவர்களைத் தொடர்ந்து வருவர்.