தூது போன மணி

லோரி ஓட்டுநரான அப்பா 60 வயதில் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஈப்போ வீட்டில் இன்னமும் விடிகாலை ஐந்துக்கே எழுந்துவிடுகிறார். மணியையும் ஜிம்மியையும் தாமானைச் சுற்றி நடத்திவிட்டு, அம்மாவுக்கு ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வருவார்.

"ஓய்வு அவருக்கு, வேலை எனக்கு" என்பார் அம்மா. இருவருக்கும் சண்டை வந்தால் நாய்தான் தூது. "மணி, காப்பி ஆறுதுன்னு உங்க தாத்தாகிட்ட சொல்லு!"

சென்ற மாதம் மணி இறந்துவிட்டது. வயது 13. ஊருக்குப் போனபோது, "வேற குட்டி வாங்கித் தரவாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு 64 ஆச்சு. குட்டி பதினஞ்சு வருஷம் இருக்கும். எங்களுக்குப் பிறகு அதை யாரு பார்ப்பா?"

வானொலியில் பேசியே பிழைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. கோலாலம்பூருக்குத் திரும்பும் வழியில், தாப்பா ஓய்வுப் பகுதியில் காரை நிறுத்தி அழைத்தேன்.

"நான் பார்த்துக்கிறேன்பா."

அப்பா பேசவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"ஜிம்மி, மொதல்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு வரச் சொல்லு!"