விருப்பப் பட்டியலின் முதல் வரி



சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர் பங்கு இல்லத்திற்குத் திரும்பினேன். வாசலில் ஒரு தகப்பனாரும் மகனும் நின்றிருந்தனர். தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மகன் தனியார் பொறியியற் கல்லூரி ஒன்றில் கணினிப் பிரிவில் மூன்றாம் ஆண்டு மாணவன்.

"சாமி, இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று தொடங்கியவர், மேலே பேச இயலாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செய்தி இதுதான். பையனுக்கு ஏழு தாள்கள் அரியர். மூன்று பருவங்களாக வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறான். கல்விக் கடனின் அடுத்த தவணைக்காக வங்கியில் மதிப்பெண் பட்டியல் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தாயாரின் இரட்டைவடச் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது.

தகப்பனாரை உள்ளே அமர்த்திவிட்டுப் பையனோடு கோயில் முற்றத்தில் நடந்தேன். படிப்பைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். வேறு ஏதாவது பேசுவோமே என்று, "உன் மாமாவின் படகு எப்படி இருக்கிறது?" என்றேன். அவ்வளவுதான். அந்தப் படகின் இஞ்சின் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது, உப்பு நீர் எங்கே புகுகிறது, கடைக்காரர் மாற்றச் சொன்ன பாகத்தை மாற்றாமலேயே தான் எப்படிச் சரிசெய்தான் என்று கால் மணி நேரம் பேசினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஏழு தாளில் தோற்ற பையன் அல்லன் அங்கே பேசியவன்.

"உனக்கு இயந்திரவியல் கிடைக்கவில்லையா?" என்றேன்.

"கிடைத்தது, ஃபாதர். நல்ல கல்லூரியிலேயே கிடைத்தது. நீங்கள்தானே அப்பாவிடம் கம்ப்யூட்டர்தான் காலத்துக்கு ஏற்ற படிப்பு என்று சொன்னீர்கள்?"

எனக்கு நினைவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது நூறு பேர் நூறு கேள்வி கேட்கிறார்கள். நூறு பதில் சொல்கிறேன். அவற்றுள் ஒன்று இது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, கலந்தாய்வில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிக் கணினிப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு அளிக்கும் கல்விக் கட்டணச் சலுகையும் போயிற்று. அது கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்குரியது. புத்தி சொல்ல வேண்டியது யாருக்கு என்று அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

எங்கள் குருமட நாட்கள் நினைவுக்கு வந்தன. தத்துவம், இறையியல், இடையே ஓராண்டுப் பங்குப் பணிப் பயிற்சி என்று குருவாவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அழைத்து, "தொடர விரும்புகிறாயா?" என்று கேட்பார். இறுதியில் திருப்பொழிவு நாளிலும் கூட, இவர் தகுதியுடையவர்தாமா என்று ஆயர் அனைவர் முன்னிலையிலும் கேட்ட பின்னரே கைகளை வைக்கிறார். என்னோடு நுழைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வழியிலேயே விடைபெற்றுச் சென்றனர். அவர்களுள் பலர் இன்று நல்ல குடும்பத் தலைவர்கள். அவர்களை நாங்கள் தோற்றவர்கள் என்று எண்ணியதில்லை. (ஊரார் எண்ணினார்கள் என்பது வேறு.) ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை தன் நான்காண்டுகளைத் தீர்மானிக்கச் சில நாட்களே தருகிறோம். அதன் பின் யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை. மதிப்பெண் என்ன என்று மட்டும் கேட்கிறோம்.

ஆகவே இம்மாதம், அந்தச் சில நாட்களைப் பற்றி எழுத விழைகிறேன். பொறியியல் அறிந்தவன் அல்லன் நான். விவரம் அறிந்த ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன். அன்றே இதைச் செய்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் பொறியியற் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டு முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் 50-க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200-க்குத் தரவரிசை வருகிறது. முன்பு குடும்பமே கட்டுச்சோற்றுடன் கிண்டிக்குச் சென்று, மண்டபத்தில் பெரிய திரையைப் பார்த்து, அந்தக் கணத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். 2018 முதல் அனைத்தும் இணைய வழியே நடைபெறுகிறது. கல்லூரியும் பிரிவும் சேர்ந்தது ஒரு வரி; அப்படி எத்தனை வரிகள் வேண்டுமானாலும் வரிசைப்படுத்தி மாணவரே பட்டியல் தரலாம்.

இங்கேதான் நம் மக்கள் இடறுகிறார்கள். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று அஞ்சி, உண்மையில் விரும்புவதைக் கீழே தள்ளுகிறார்கள். அந்த அச்சத்திற்கு இடமே இல்லை. பிள்ளையின் தரவரிசை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் வரி நிரம்பிவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையேல் மூன்றாவது. கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதற்காக எந்த இழப்பும் இல்லை. ஆனால் விரும்பாத ஒன்றை மேலே எழுதிவிட்டால், அது கிடைத்த மாத்திரத்தில் அதற்குக் கீழுள்ளவை அனைத்தும் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, மேலுள்ள வரிகளில் ஏதேனும் காலியானால் அதற்கு மாறக் காத்திருக்கவும் வழியுண்டு. ஆகவே முதல் வரியில் ஆசையை எழுதுங்கள், அச்சத்தை எழுதாதீர்கள்.

யாருடைய ஆசை என்பதுதான் கேள்வி. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளம், நம் தெருவில் பலருடைய பட்டியலை நிரப்புகிறது. கணினிப் படிப்பை நான் குறை கூறவில்லை. அதில் மனம் தோய்ந்த பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுவே வழி. ஆனால் சந்தை ஒரே நிலையில் நிற்பதில்லை. 2001-இலும், மீண்டும் 2008-2009-இலும் கணினி நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தபோது, பட்டத்துடன் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். இன்று எல்லோரும் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். முதலாண்டில் சேரும் பிள்ளை வெளியே வருவது நான்காண்டு கழித்து. அன்று எது விலைபோகும் என்று உறுதியாகச் சொல்லக் கூடியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர், முகப்பு வளைவையும் பேருந்துகளையும் சிற்றுண்டிச்சாலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நானும் ஒரு முறை அப்படித்தான் ஒரு குடும்பத்துடன் சென்று, நல்ல காபி குடித்துவிட்டு வந்தேன். பார்க்க வேண்டியது வேறு. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்பதும் வெளியிடப்படுகிறது. ஒரு காலத்தில் 500-க்கு மேல் பெருகிய இக்கல்லூரிகளுள் மாணவரின்றி மூடப்பட்டவை பல. பிள்ளை படித்து முடிக்கும் வரையில் ஒழுங்காக ஆசிரியர் இருப்பாரா என்பதைவிட வளைவு முக்கியமா?

இனி, நம் குடும்பங்களுக்கு மனம் நோகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 2021-இல் சட்டம் இயற்றப்பட்டது. அப்படிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. நல்ல சட்டம், ஏழைப் பிள்ளைகள் பலரை அது கரையேற்றியிருக்கிறது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பங்குப் பள்ளியிலும் கன்னியர் பள்ளியிலும் படித்தவர்கள். ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வளர்ந்தவர்கள். "சாமி பள்ளியில் சேர்த்தது தப்பா?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். பதில் சொல்ல நாவெழவில்லை. உதவிபெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டுமென்று கோரிக்கைகள் எழுந்துள்ளன. நியாயமான கோரிக்கை என்பதே என் கருத்து. உயர்கல்வி பயிலும் மாணவிக்கும் மாணவனுக்கும் மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் 2024-இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோரையும் எட்டின. இதை அறியாமல் விட்டவர்கள் இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகம் மூலம் முன்கூட்டியே பெற்று வையுங்கள். கல்விக் கடன் வேண்டுவோர், 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்பதை அறிந்து வங்கிக்குச் செல்லுங்கள். தாலிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு சொல். "பெண்ணுக்கு எதற்குப் பட்டறைப் படிப்பு?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். 1940-களின் முற்பகுதியில் கிண்டி பொறியியற் கல்லூரியில் மூன்று பெண்கள் படித்தனர். அ. லலிதா பதினெட்டு வயதில் கைம்பெண்ணானவர், கைக்குழந்தையின் தாய். அவர் மின்பொறியியல் பயின்றார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியல் பயின்றனர். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து 1971-இல் தலைமைப் பொறியாளரானார். அந்தக் காலத்துப் பெற்றோர்க்கு இருந்த துணிவு நமக்கு இல்லாமற் போகலாமா?

நம் பகுதியையும் சற்று எண்ணிப் பாருங்கள். எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை; திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் டயரும்; மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை; 2001 முதல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். நம் பாட்டன்மார் காலத்திலிருந்து இவற்றின் புகையைச் சுவாசித்து வருகிறோம். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் கறுத்துப்போய் நம் மீனவர்கள் கரையில் நின்றார்கள். அதே மாதம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் குழாயில் என்ன செல்கிறது, எந்த வால்வு எப்போது திறக்கிறது என்று அறிந்தவர் ஒருவர் கூட ஓடிய அந்த மக்களிடையே இருக்கவில்லை. வேதிப் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல் என்ற பெயர்களே நம் வீடுகளில் பேசப்படுவதில்லை.

அந்தப் பையனுக்கு வருவோம். மூன்றாம் ஆண்டின் முடிவில் பிரிவு மாறுவதற்கு வழி இல்லை. ஆனால் கதவு முற்றிலும் அடைபடவும் இல்லை. எட்டுப் பருவங்களில் முடிக்க வேண்டிய படிப்பை முடிக்கப் பல்கலைக்கழக விதி 14 பருவங்கள் வரை இடம் தருகிறது. இதை அவன் அறிந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டிருந்தான். கடற்கரையில் தனியே அவன் நெடுநேரம் உட்கார்ந்திருந்த இரவுகளைப் பற்றி என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். பெற்றோரே, தேறாத தாளைப் பிள்ளை மறைக்கிறான் என்றால், தாளைவிட உங்கள் முகத்திற்கு அஞ்சுகிறான் என்று பொருள்.

பங்கிலுள்ள ஆசிரியை ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் அவனுக்குக் கணிதம் சொல்லித் தந்தார். நவம்பரில் மூன்று தாள் தேறினான். நான்கு மீதி. படிப்பு முடிந்ததும் தொழிற்சாலை ஒன்றில் ஓராண்டுப் பழகுநர் பயிற்சிக்குச் செல்ல எண்ணம். தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பற்றி விசாரித்து வந்திருக்கிறான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை ஃபாதர், அப்பா முதலில் வேறு இரண்டு பேரிடமும் கேட்டிருந்தார்" என்றான்.

அவன் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். சென்ற வாரம் பட்டியலை எழுதிக்கொண்டு தகப்பனாருடன் வந்தாள். முதல் வரியில் கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, வேதிப் பொறியியல். அவள் மதிப்பெண்ணுக்கு அது எட்டுமா என்பது சந்தேகமே. கீழே பதினொரு வரிகள் இருந்தன. பெரும்பாலும் அதே பிரிவு. தகப்பனார் தயங்கித் தயங்கி, "இது என்ன படிப்பும்மா?" என்று கேட்டார்.

"அன்றைக்கு ராத்திரி நாம் ஓடினோமே அப்பா, அந்தக் குழாயைப் பற்றிய படிப்பு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் கிண்டியில் இறங்கிவிடலாம், இல்லையா?" என்று அவளைக் கேட்டார்.