‘ஸ்டேபிள்’ என்பது ஆள் அல்ல, பதவி!

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி. 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி. லேப்டாப்பைத் திறந்த கல்லூரி மாணவிக்கு, ‘முதல்ல அப்டேட் பண்ணிடுவோமே’ என்று தோன்றியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அது அண்ணன் பிளஸ் டூ படித்தபோது, அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாஸுக்கு அடிப்படை டெபியன். அதனால் அண்ணன் பின்னாளில் டெபியன் 12-ஐயே போட்டுக் கொடுத்திருந்தார்.

அன்று அப்டேட் கொடுத்ததும், பெயர் மாறியிருப்பதாகச் சொல்லி, ‘ஏற்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி வந்தது. ‘சரி’ என்றார். வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிகிற வேலை முடியவே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா தீர்ந்து, எல்லாம் பாதியில் நின்றது. பிரவுசரும் திறக்கவில்லை. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டார்.

“சோர்ஸஸ் லிஸ்ட் ஃபைல்ல என்ன போட்டிருக்கு பாப்பா?”

“ஸ்டேபிள்னு இருக்குண்ணா.”

“அப்ப தப்பு என்னோடதுதான்.”

லேப்டாப் எந்தக் கிளையிலிருந்து அப்டேட் வாங்க வேண்டும் என்று சொல்வது அந்த ஃபைல்தான். டெபியனில் மூன்று கிளைகள். புது மென்பொருள் முதலில் வருவது ‘அன்ஸ்டேபிள்’. சில நாட்கள் பெரிய கோளாறு இல்லாமல் தாக்குப்பிடித்தால் ‘டெஸ்டிங்’. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டெஸ்டிங்கில் தேறியதெல்லாம் சேர்ந்து ‘ஸ்டேபிள்’ ஆகும். நாற்றங்காலில் வளர்ந்து, நடவாகி, கடைசியில் களத்துக்கு வரும் நெல்லைப் போல.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரம் ஒன்றின் பெயர் உண்டு. டெபியன் 12-இன் பெயர் ‘புக்வோர்ம்’. 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-இன் பெயர் ‘டிரிக்ஸி’.

கோட்டைவிடுகிற இடம் இதுதான். ‘ஸ்டேபிள்’ என்பது ஊராட்சித் தலைவர் மாதிரி ஒரு பதவி. ‘புக்வோர்ம்’ அந்தப் பதவியில் இருந்த ஆள். ஆகஸ்ட் 9-ல் ஆள் மாறிவிட்டது. ஃபைலில் பதவிப் பெயரை எழுதியிருந்ததால், லேப்டாப் புதுத் தலைவர் பின்னால் போய்விட்டது. ‘புக்வோர்ம்’ என்று எழுதியிருந்தால் பழைய ஆளோடே இருந்திருக்கும். அதற்கான பாதுகாப்பு அப்டேட்களும் 2028 ஜூன் வரை உண்டு. எப்போது மாறலாம் என்பதை ஆற அமர முடிவு செய்திருக்கலாம்.

“பழையபடி பன்ணிரலாமாண்ணா?”

“முடியாது பாப்பா. முன்னாடிதான் போகணும்.”

புது வெளியீட்டிலிருந்து பழையதற்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. மறுநாள் காலை அரியலூர் பஸ் பிடித்து, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டார் தங்கை. வார இறுதியில் ஊருக்கு வந்த அண்ணன், பாதியில் நின்ற அப்டேட்டை முடித்துவிட்டு, ஃபைலில் ‘ஸ்டேபிள்’ என்றிருந்ததை ‘டிரிக்ஸி’ என்று மாற்றினார்.

நீங்களும் டெபியன் வைத்திருந்தால் அந்த ஃபைலை ஒருமுறை பாருங்கள். பழைய 32 பிட் கணினி என்றால் கூடுதல் கவனம் தேவை. டிரிக்ஸியில் அவற்றுக்கான இன்ஸ்டாலரே இல்லை.

ஸ்மார்ட்போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு பீட்டாவில் சேர ஒரு தட்டு போதும். இறுதிப் பதிப்பு வருமுன் வெளியேற நினைத்தால், பொதுவாக போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். எதில் சேர்கிறோம் என்று பார்ப்பதோடு, எப்படி வெளியே வருவது என்றும் பார்த்துவிட்டு ‘சரி’ கொடுங்கள். முக்கியமாக, மறுநாள் அவசர வேலை இருக்கும் இரவில் கொடுக்காதீர்கள்!