பிராகில் வியக்கிறோம், ஊரில் இடிக்கிறோம்

 

விடுமுறைக்கு ஐரோப்பா சென்று வரும் நம் குடும்பங்கள் பெருகிவருகின்றன. காரிமங்கலம் போன்ற சிற்றூரிலும் செக் நாட்டுத் தலைநகர் பிராகின் படங்கள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் ஆகியவற்றைக் கண்டு, "எப்படிக் காத்து வைத்திருக்கிறார்கள்!" என வியக்கிறோம். பயணத்தை நாம் குறைகூறவில்லை. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருக்குர்ஆனே பணிக்கிறது. கண்டு பெற்ற பாடம் என்ன என்பதே நம் கேள்வி.

அந்நகரில் ஏறத்தாழ 1270இல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டுக்கூடம் ஒன்று உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சூழ்ந்த பழைய குடியிருப்பை இடித்துப் புதிய வீதிகள் அமைத்தனர். அக்கூடத்தை இடிக்கவில்லை. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.

நம்மிடம் அத்தகைய கட்டடங்கள் இல்லையா? கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி, தமிழ்ச் சிற்பிகளின் கைவண்ணத்தில் கற்றூண்களோடு நிற்கிறது. அவ்வூரில்தான் வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கிறார். சேலம், மதுரை வழியாக ஓரிரவில் சென்றடையலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

அது தப்பி நிற்கிறது. வேறு பல ஊர்களிலோ பழைய பள்ளிகளை இடித்துவிட்டுப் பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராவும் எழுப்புகிறோம். "தொழுவோர் பெருகிவிட்டனர், கூரை ஒழுகுகிறது" என்பர். நியாயமே. அருகில் விரிவாக்கலாமே, கூரையைச் செப்பனிடலாமே! பழைய மிஹ்ராபையும் தூண்களையும் ஏன் உடைக்க வேண்டும்? "கல்லுக்கு மதிப்பளிப்பது மார்க்கமா?" என்றும் கேட்பர். கல்லை நாம் வணங்கவில்லை. அமானிதத்தைக் காக்கச் சொல்கிறோம். முத்தவல்லி வக்ஃபின் பொறுப்பாளரேயன்றி உரிமையாளர் அல்லர். நேற்றையோர் இறைவனுக்காக ஒப்படைத்ததை ஒரு நிர்வாகக் குழுவின் ஒருநாள் தீர்மானம் அழித்துவிடலாமா?

நம்மை இம்மண்ணுக்கு அந்நியர் என்போருக்கு அந்தத் தூண்களே விடை. அந்தச் சாட்சியை நம் கையாலேயே உடைத்துவிட்டு, மேடையேறி வரலாறு பேசுவதில் பயனில்லை.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை முதலில் கீழக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மஹல்லாவில் இடிப்புப் பேச்சு எழுந்தால், எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள்.

அமானிதம் பேணும் சமூகமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.